பெட்ஷீட்டுக்குப் பின்னால்

எங்கள் கட்டடத்தில் யாரும் டிஷ் ஆன்டெனா வைக்கக் கூடாது என்று விதி எழுதியவர் என் வீட்டுக்காரர். அதை முதலில் மீறியவள் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை.

பதினாறு வீடுகள், நாலு மாடி, ஒரே படிக்கட்டு. குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். சர்வேயராக வேலை பார்த்தவர். முப்பத்திரண்டு வருடம் அடுத்தவன் நிலத்துக்கு எல்லைக்கல் நட்டவர், ஓய்வு பெற்ற மறு வாரமே எங்கள் படிக்கட்டுக்கு எல்லை போட ஆரம்பித்துவிட்டார். படியில் செருப்பு விடக் கூடாது. கைப்பிடிச் சுவரில் மிதியடி காயப்போடக் கூடாது. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இப்படிப் போய்ப் பதினாலாவது விதி: கட்டடத்தின் வெளிப்புறத்தில் எந்தக் கருவியும் பொருத்தக் கூடாது. மொட்டைமாடிச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. தூங்கும்போதும் அங்கேதான் இருந்தது.

அந்தப் பதினாலாவது விதி ஏன் வந்தது என்று எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. சொன்னவள் தரைத்தள வீட்டு நர்ஸ். எட்டு வருடம் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். ஒருநாள் தண்ணீர் மோட்டாரைப் போடக் கீழே போனேன். அவள் வாசலில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க குரலக் கேக்கும்போதெல்லாம் உங்க பொண்ணு ஞாபகந்தான் வருது. அங்க இருக்கும்போது தெனம் பாப்பேன். என்ன அழகா செய்தி வாசிக்குது!"

நான் மோட்டார் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. "எந்தப் பொண்ணு?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? உங்க பொண்ணுதான். அப்பா பேரு, ஊரு எல்லாம் அதுவே ஒரு பேட்டில சொல்லுச்சு. நம்ம ஊர் நேரத்துக்குச் சாயங்காலம் நாலு மணிச் செய்தி. நம்ம ஆளுங்களுக்குன்னே அங்கருந்து போடுறாங்களே, அந்த சேனல்ல. கேபிள்ல வராது, டிஷ் வெச்சாத்தான் வரும். சார்கிட்ட வந்த புதுசுலயே சொன்னேனே. மாடில பொதுவா ஒரு டிஷ் வெச்சா எல்லாரும் பாக்கலாம் சார்னு கூடச் சொன்னேன். அவர் உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. அவள் அவரிடம் சொன்ன அடுத்த மாதக் கூட்டத்தில்தான் பதினாலாவது விதி வந்தது. கட்டடத்தின் அழகு கெடுகிறதாம். பெயின்ட் உரிந்து, குழாய் துருவேறி, ஏழு வருடமாக வெள்ளை காணாத கட்டடத்துக்கு அழகு! பதினாறு வீட்டுக்காரர்களும் கையைத் தூக்கினார்கள். எங்கள் வீட்டுக் கையை அவர்தான் தூக்கினார்.

எங்களுக்கு ஒரே மகள். அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள், கூட வேலை பார்த்தவனைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். பதிவு செய்த அன்று மாலை இருவரும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். இவர் உள்ளே வரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நிலத்தகராறில் எதிராளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அவரைத் தாண்டி என்னைப் பார்த்து, "நீயாவது வாயைத் தொறந்து ஏதாச்சும் சொல்லும்மா" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. கதவு சாத்தப்பட்டது. ஆறு வருடம் ஆயிற்று. டெலிபோன் எண்ணை மாற்றினார். இரண்டு கடிதம் வந்ததாகத் தபால்காரர் பிறகு சொன்னார். இரண்டையும் இவர் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார். எனக்கு முகவரி தெரியாது. தெரிந்தாலும் என்ன எழுதுவது? பேச வேண்டிய நேரத்தில் பேசாதவளுக்குக் கடிதம் ஒரு கேடா? அப்போது சட்டைப்பைக்குள் அடங்குகிற டிவி எல்லாம் வரவில்லை. அவள் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அது தினமும் நாலு மணிக்கு எங்கள் கட்டடத்தின் தலைக்கு மேல் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க ஒரு தட்டு வேண்டும். தட்டை வைக்க ஒரு இடம் வேண்டும்.

நர்ஸ் ஒரு டிஷ்காரரை அனுப்பினாள். முப்பது வயதுக்காரர், காதில் பென்சில் செருகியிருப்பார், எதையும் சத்தமாகத்தான் சொல்வார். இவர் வங்கிக்குப் போயிருந்த ஒரு காலையில் வந்தார்.

"மாடிதாம்மா நல்ல எடம்" என்றார்.

"மாடி வேண்டாம் தம்பி. சாவி இல்ல."

"சாவி யார்கிட்ட?"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட."

டிஷ்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பதை அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு நேரமில்லை. நர்ஸ் வீட்டுப் பின்பக்கம் வைக்கலாமா என்று கேட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பக்கத்துக் கட்டடச் சுவர் மறைக்கிறதாம். தண்ணீர்த் தொட்டி மேடை? அதற்கும் மாடி வழியாகத்தான் போக வேண்டும். முன்பக்க பால்கனி? அது எதிர்த் திசை. கடைசியில் சமையலறையை ஒட்டித் துணி காயப்போடுகிற சின்ன பால்கனிக்கு வந்து நின்றார். வானத்தைப் பார்த்தார், கையை நீட்டிப் பார்த்தார்.

"எடம் சரியா வரும் போலிருக்கு. ஆனா நிச்சயமா சொல்ல தெசைகாட்டி வேணும். என்னோடது நேத்து ஒரு வீட்டு மாடிலருந்து விழுந்து ஒடஞ்சுபோச்சு. நாளைக்கு வரட்டுமா?"

நாளைக்கு இவர் வீட்டில் இருப்பார். நான் உள்ளே போய், அலமாரியின் மேல்தட்டில் இருந்த அவருடைய மரப்பெட்டியை இறக்கினேன். முப்பத்திரண்டு வருடம் அவரோடு வயல்வயலாகப் போன பித்தளைத் திசைகாட்டி அதில் இருந்தது. அதை எடுத்து டிஷ்காரர் கையில் கொடுத்தேன். "அடேயப்பா, இது பெரிய எடத்துச் சாமான்" என்று தடவிப் பார்த்துவிட்டு, ஊசி நிற்கிற பக்கத்தைக் குறித்துக்கொண்டார். இடம் சரிதான் என்றார். நான் துடைத்துப் பழையபடி பெட்டியில் வைத்தேன். பழையபடிதான் வைத்தேன் என்று நினைத்தேன்.

சுவரில் துளை போட்டால் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கும். அதற்கும் ஒரு வழி சொன்னார். காலியான பெயின்ட் வாளியில் குழாயை நிறுத்தி, ஜல்லியும் சிமென்ட்டும் கலந்து ஊற்றினார். இறுகிய பிறகு அதை ஆண்பிள்ளை இரண்டு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. சுவரில் ஒரு கீறல் இல்லை. குழாய் உச்சியில் டிஷ். ஒயர் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து, மிதியடிக்கு அடியில் ஓடி, டிவி மேசையின் கீழ்த்தட்டில் என் தையல் பெட்டிக்குள் உட்கார்ந்த ரிசீவருக்குப் போனது.

"இது வெளில தெரியுமே தம்பி" என்றேன்.

"ரூல்ல துணி காயப்போடக் கூடாதுன்னு இருக்கா?"

"கைப்பிடிச் சுவத்துலதான் கூடாது. கொடில போடலாம்."

"அப்ப ஒரு மெல்லிசு பெட்ஷீட்டைக் கொடில போட்டு மறைச்சிருங்க. காஞ்ச துணி வழியா சிக்னல் தாராளமாப் போகும். ஒண்ணே ஒண்ணு. ஈரத்துணி மட்டும் ஆகாது. தண்ணி இருந்தா அவ்ளோதான், படம் போயிரும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். வெளிப்பக்கக் கொடியில் நீலப் பூப்போட்ட பெட்ஷீட், உள்பக்கக் கொடியில் நாலு துண்டு. துவைக்காத, நனையாத, மடிக்காத பெட்ஷீட். சமையலறைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் கால் வைத்தே நான் பார்த்ததில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஹாலிலிருந்து குரல்தான் வரும். தினமும் மூன்றே முக்காலுக்கு நடைப்பயிற்சிக்குப் போய் ஐந்தேகாலுக்குத் திரும்புவார். மகளின் செய்தி நாலு மணிக்கு, பதினைந்து நிமிடம். என் அதிர்ஷ்டத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன். அவர் ஏன் அந்த நேரத்தைப் பிடித்தார் என்று அப்போது யோசிக்கவில்லை.

முதல் நாள் அவள் முகம் வந்தபோது நான் அழவில்லை. டிவிக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியைக் கழற்றி, மூக்கு முட்டுகிற மாதிரி நின்றேன். தலைமுடியை வெட்டியிருந்தாள். இடது புருவத்தில் சின்ன வயதில் கதவு இடித்த தழும்பு, பவுடருக்கு மேலும் தெரிந்தது. எங்கேயோ வெள்ளம், எங்கேயோ தேர்தல் என்று வாசித்தாள். என்ன வாசித்தாள் என்றே எனக்கு ஏறவில்லை. "வணக்கம்" என்று சொல்லி முடித்ததும் நான் பதிலுக்கு வணக்கம் சொன்னேன். பைத்தியக்காரத்தனம்தான், இருக்கட்டுமே.

நாலு மாதம் அப்படிப் போனது. நாலே கால் ஆனதும் பழையபடி கேபிள் ஒயரை மாட்டிவிட்டு, டிவியின் முதுகைத் தொட்டுச் சூடு ஆறிவிட்டதா என்று பார்ப்பேன். மூன்றாவது மாதத்தில் ஒன்றைக் கவனித்தேன். கன்னம் பூசினாற்போல் இருந்தது. நாற்காலி மேசையைவிட்டுக் கொஞ்சம் பின்னால் போயிருந்தது. இறுக்கமான சட்டை போய்த் தொளதொளவென்று மேல்கோட்டு வந்தது. செய்திக்கு நடுவே படம் ஓடி முடிந்து திரும்பும்போது, முதுகுக்குப் பின்னாலிருந்து கையை அவசரமாக எடுப்பாள். பெற்றவளுக்குத் தெரியாதா? முழுகாமல் இருந்தாள். என் கணக்குக்கு ஐந்து மாதம், ஆறு மாதம், ஏழு மாதம். இந்தச் சேதியை உலகத்தில் யாரிடமும் சொல்ல முடியாமல், குக்கரிடம் சொன்னேன், துண்டுகளிடம் சொன்னேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் நல்லவரானார்.

மதியம் மூன்றரை வரை நான் கொஞ்சம் கண்ணயர்வேன். எழுந்து டீ போட்டுக் கொடுத்தால்தான் அவர் நடைக்குக் கிளம்புவார். ஒருநாள் படுக்கையறைக் கதவருகே வந்து, "நீ படு. நானே போட்டுக்குறேன்" என்றார். எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது. சமையலறையில் பாத்திரம் உருண்டது, குழாய் ஓடியது. நான் எழுந்து வந்தபோது அவர் போயிருந்தார். மேடையில் எனக்கும் ஒரு டம்ளர் டீ, தட்டு போட்டு மூடியிருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். கல்யாணமாகி முப்பத்தேழு வருடத்தில் அவர் கையால் நான் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. நர்ஸிடம்கூடச் சொன்னேன், "வயசானா புத்தி வரும் போலிருக்கு." அவருக்குத் தெரியாமல் டிஷ் வைத்திருக்கிறோமே என்று உள்ளுக்குள் உறுத்தக்கூட ஆரம்பித்தது.

அதே நாளிலிருந்து படமும் போயிற்று. நாலு மணிக்கு டிவியைப் போட்டால் "சிக்னல் இல்லை". ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். ரிசீவரைத் தட்டினேன். நாலே முக்காலுக்குப் படம் தானாகத் திரும்பி வரும். அதில் யாரோ சமையல் செய்துகொண்டிருப்பார்கள். அவர் போட்டு வைத்த டீயைக் குடித்துக்கொண்டே அந்தக் கறுப்புத் திரையைத் தினமும் பார்த்தேன். டீ நன்றாகத்தான் இருந்தது.

டிஷ்காரர் இரண்டு தடவை காலையில் வந்தார். டாக்டரைப் பார்த்ததும் பல்வலி நின்றுபோன கதைதான். காலையில் படம் கண்ணாடி மாதிரி இருந்தது.

"நாலு மணிக்கு மட்டும் போகுதுன்னா எப்படிம்மா? வெயில்ல மூக்கு சூடாகுதோ என்னவோ." டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தை அவர் மூக்கு என்றுதான் சொல்வார். அதை மாற்றினார். ஒயரை மாற்றினார். நாலு மணிக்கு வந்து பாருங்கள் என்றால், அந்த நேரத்தில்தான் இன்னொரு இடத்தில் வேலை என்றார். ஐந்து வாரம் இப்படியே ஓடியது. அவளுக்கு எட்டு மாதம் முடிந்திருக்கும் என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடித்தது ஒரு வியாழக்கிழமை. நாலு அடிக்க ஐந்து நிமிடம். மழையால் போகிறதோ என்று பார்க்கப் பால்கனிக்குப் போனேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. உள்கொடித் துண்டுகள் அப்பளம் மாதிரிக் காய்ந்திருந்தன. ஆனால் தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம். கையை நீட்டிப் பெட்ஷீட்டைத் தொட்டேன். பிழிந்தால் ஒரு வாளித் தண்ணீர் வரும். மூலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாஷிங் மெஷின் மேல் குளியலறை மக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை நான் அங்கே வைக்கவில்லை.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. டீ. குழாய்ச் சத்தம். நீ படு, நானே போட்டுக்குறேன். வெயில் அந்தப் பக்கம் நேராக அடிக்கும்; மெல்லிய துணி, ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். நான் ஐந்து மணிக்கு வந்து பார்த்தால் எதுவுமே நடக்காதது போலத் தொங்கும். ஐந்து வாரமாக அவர் கையால் டீ வாங்கிக் குடித்து, மனசுக்குள் அவரை மெச்சிக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கிளிப்போடு சேர்த்துப் பெட்ஷீட்டைப் பிடுங்கி எறிந்தேன். டிஷ் வெட்டவெளிச்சமாக நின்றது. கட்டடம் பார்க்கட்டும், ஊர் பார்க்கட்டும். உள்ளே ஓடிப் போய் டிவியைப் போட்டேன். படம் வந்தது. செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வாசித்தது வேறு பெண்.

வெள்ளி, சனி என்று காத்துப் பார்க்க எனக்கு அவசியமில்லை. அவள் கடைசியாக வாசித்த நாள் அந்த ஐந்து வாரத்துக்குள் எங்கேயோ போய்விட்டது. விடுப்பில் போகிறவளுக்குக் கூட இருந்தவர்கள் வாழ்த்துச் சொல்லியிருப்பார்களோ, அவள் சிரித்திருப்பாளோ, எதுவும் எனக்குத் தெரியாது. நான் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தேகாலுக்கு அவர் வந்தார். ஈரப் பெட்ஷீட் ஹால் நடுவில் கிடந்தது. பார்த்தார். செருப்பைக் கழற்றி, வழக்கம்போல ஜோடியாக வைத்தார்.

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"பின்னாடி காம்பவுண்டு சுவர் தகராறுக்கு அளக்கணும்னு பெட்டியத் தொறந்தேன். ஊசியப் பூட்டாம வெச்சிருந்த. ஆடிட்டே இருந்துச்சு."

திசைகாட்டியில் ஊசி ஆடாமல் இருக்க ஒரு சின்னத் திருகு உண்டாம். அதைப் பூட்டித்தான் பெட்டியில் வைப்பாராம். கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரியவில்லை. அவர் எனக்குச் சொன்னதும் இல்லை.

"கீழ நின்னு அளக்கும்போது மேல பாத்தேன். ஒரே பெட்ஷீட்டு, பத்து நாளா. கடைல போய்க் கேட்டேன். ஈரத்துணி மறைச்சா படம் வராதுன்னான்."

நிலத்தை அளப்பது போல நிதானமாகச் சொன்னார். சத்தம் போட்டிருக்கலாம், டிஷ்ஷைத் தூக்கிக் கீழே எறிந்திருக்கலாம். செய்தால் செயலாளர் வீட்டிலேயே விதிமீறல் என்று வெளியே தெரியும். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி கத்தவும் முடியாமல், மக்கை எடுத்திருக்கிறார்.

"இந்த வீட்டுல அவ மூஞ்சி வரக் கூடாது. அதான்" என்றார்.

"அவ முழுகாம இருந்தா" என்றேன். "ஏழு மாசம். நான் கடைசியாப் பாத்தப்ப. இன்னைக்கு அந்த எடத்துல வேற ஒருத்தி உக்காந்திருக்கா. பொறந்துச்சா, பொறக்கலையா, நல்லா இருக்காளா, எதுவும் தெரியாது. நீங்க தண்ணி ஊத்துனதுல அதுதான் போச்சு."

அவர் சோபாவில் உட்காரப் போனவர், பாதியில் நின்றார். பிறகு உட்கார்ந்தார். "நெஜமாவா?" என்றார். நான் பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு போய் வாளியில் போட்டேன்.

மறுநாள் காலையிலேயே சங்கத் தலைவர் வந்துவிட்டார். முதல் மாடிக்காரர், எதைச் சொல்வதற்கு முன்னும் மூன்று தடவை தொண்டையைச் செருமுவார். ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம். "ஊருக்குத்தான் உபதேசமா சார்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் டிஷ்ஷை எடுத்துவிடுவதாகச் சொல்வார் என்று நான் நினைத்தேன். எழுந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார். பதினாலாவது விதியில் ஒரு திருத்தம்: துணியால் மறைக்கப்பட்டிருந்தால் ஆட்சேபணை இல்லை.

ஒரே மாதத்தில் எங்கள் கட்டடத்தைப் பார்க்க வேண்டுமே! பால்கனிக்குப் பால்கனி பெட்ஷீட் தொங்கியது. கட்டம் போட்டது, மயில் போட்டது, ஒரு வீட்டில் மேசைவிரிப்பு. தெருவில் போகிறவர்கள் இங்கே ஏதோ லாட்ஜ் திறந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் நீலப் பூப் பெட்ஷீட்டை அவரே இஸ்திரி போட்டு, அவரே கொடியில் மாட்டினார்.

நடைப்பயிற்சியை விட்டுவிட்டார். நாலு மணிக்கு வீட்டில் இருக்கக் கூடாதென்றுதான் இத்தனை நாள் நடந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே முகம் கழுவி, தலை சீவி, டிவிக்கு நேர் எதிரே இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். அது நான் உட்காருகிற நாற்காலி. வேறு பெண் வாசிக்கிற செய்தியை முழுக்கக் கேட்பார். முடிந்ததும், "லீவு எவ்ளோ நாள் குடுப்பாங்க?" என்பார். ஒருநாள், "முடி வெட்டியிருக்கானு சொன்னியே, ரொம்பவா?" என்றார். இன்னொரு நாள், "ஒல்லியாயிட்டாளா?" என்றார். நான் சமையலறை வாசலில் நின்றபடி "ம்" என்பேன். ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்தது அந்தப் பதினைந்து நிமிடம்தான். இப்போது அதையும் அவர் நாற்காலி போட்டு எடுத்துக்கொண்டார்.

நர்ஸ் சொன்னாள், "மனுசன் மாறிட்டாருக்கா. பாவம், மன்னிச்சிருங்க."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதற்கும் நான்தான் கை கட்டி நிற்க வேண்டுமா? மாறினார், சரி. கதவைச் சாத்திய கை மாறிற்று. மக்கைப் பிடித்த கை மாறிற்று. எனக்குப் போன ஐந்து வாரத்தை எந்தக் கை திருப்பித் தரும்? பாவம் என்று எல்லோருக்கும் தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று முயன்றுகூடப் பார்த்தேன்.

மூன்றரை மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. மூன்றே முக்காலுக்கு அவர் குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ விளம்பரம் முடிந்து, நாலு மணிச் செய்திக்கான முன்னோட்டம் வந்தது. இரண்டு நொடிதான் இருக்கும். மேசைக்குப் பின்னால் என் மகள்.

மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே பவுடருக்கும் அடங்காத கருப்பு. இரவெல்லாம் யாரோ அவளைத் தூங்கவிடவில்லை. அந்தக் களைப்பு எனக்குத் தெரியும். அவளால் எனக்கு வந்த களைப்பு அது. பிறந்துவிட்டது. நன்றாக இருக்கிறது. இல்லாவிட்டால் அப்படி ஒரு களைப்போடு சிரிக்க முடியாது. வாயைப் பொத்திக்கொண்டேன். குளியலறையில் குழாய் நின்றது.

நான் சமையலறைக்குப் போனேன். டீ போட்டேன். ஒரு டம்ளரில் ஊற்றி, தட்டு போட்டு மூடினேன். அதற்குப் பிறகு மக்கை எடுத்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன். தண்ணீர் பிடித்து, பால்கனிக்குப் போய், பெட்ஷீட்டின் மேல் விளிம்பிலிருந்து கீழே வரை ஒரு இடம் விடாமல் ஊற்றினேன். நாலு மக் ஆனது. நாலாவதை ஊற்றும்போது, இன்றைக்கு நானும்தான் பார்க்க முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது.

டீயைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தேன். தட்டை எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கடிகாரம் நாலு காட்டியது. திரையில் "சிக்னல் இல்லை" என்று வந்தது.

"என்னாச்சு?" என்றார். எழுந்து ரிசீவரைத் தட்டினார். ஒயரை அழுத்தினார். பிறகு அப்படியே நின்றார். டிவியில் சத்தம் இல்லாததால் வீடு அமைதியாக இருந்தது. சமையலறைக்கு அந்தப் பக்கமிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

அவர் அந்தப் பக்கம் போகவில்லை. மெதுவாகத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குடிக்கவில்லை.

"வந்துட்டாளா?" என்று கேட்டார்.

நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"கொழந்த பொறந்திருச்சா? வாயத் தொறந்து ஏதாச்சும் சொல்லேன்."

நான் வாயைத் திறக்கவில்லை.